நான் எழுதாத வசனம்

நண்பன் தங்கராசாவை ஒருமுறை பலர் முன்னிலையில் அறைந்தேன். என் வசனத்தை மாற்றிப் பேசியதுதான் அவன் செய்த குற்றம்.

அது இரண்டாம் உலகப் போர்க்காலம். நான் திருகோணமலைத் துறைமுகத்தில் எழுதுவினைஞன். அவன் பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் மீன் பிடிப்பவன். கோயில் திருவிழாவுக்கு நான் எழுதிய நாடகத்தில் நான் அரசன், அவன் மந்திரி. ஒத்திகையில் அவன் வாய்க்கு வந்ததைப் பேசுவான், எல்லோரும் சிரிப்பார்கள். என் வசனத்துக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த எரிச்சலில் கை நீண்டது.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"நாடகத்துக்கு வருவன். ஆனா என்னை மச்சான் எண்டு கூப்பிடாதை."

இரவில் விளக்கேற்றத் தடை என்பதால் வெயிலிலேயே நாடகம் தொடங்கியது. தங்கராசா நான் எழுதியதை அப்படியே உயிரில்லாமல் ஒப்பித்தான். சனம் எழும்பத் தொடங்கியது. அடுத்த வசனம் எனக்கு நினைவிருந்தது. ஆனால் மனத்துக்குள் வேறொன்று முட்டியது. அதன் போக்கில் விட்டேன். அரியணையாக வைத்திருந்த கதிரையை விட்டிறங்கி மகுடத்தைக் கழற்றினேன்.

"மந்திரி, உம்மை அடித்தது என் பிழை. மன்னிப்பீரோ?"

என்னை உற்றுப் பார்த்தான்.

"மன்னிக்கலாம் அரசே. ஆனா கன்னம் வீங்கிக் கிடக்கு. நாளைக்கு நீர்தான் என்ர வலையை இழுக்கோணும்!"

"ஓம், இழுக்கிறன்!"

சனம் சிரித்தபடி திரும்ப உட்கார்ந்தது. அதன்பின் எழுதிவைத்திருந்த வசனத்தை நாங்கள் தொடவே இல்லை. பேசப் பேச வந்துகொண்டிருந்தது.

மறுநாள் சல்லிக் கரையில் மற்ற மீனவர்களோடு சேர்ந்து மூச்சுப்பிடித்து வலைக் கயிற்றை இழுத்தேன்.

"அலை தள்ளேக்க மட்டும் இழு, மச்சான்!" என்றான் அவன்.

'மச்சான்' என்று கேட்டதும் கயிற்றை விட்டுவிட்டேன். மற்றவர்கள் ஏசிய ஏச்சு இன்றும் இனிக்கிறது.