ஐந்தாம் வரிசை, இடது பக்கம்

விரலை வைத்துவிட்டாலும் ஷரயூ பெண்ட்ஸே உடனே டிக்கெட் கேட்பதில்லை. முன்பதிவு ஜன்னலின் ஓட்டை வழியாக முழங்கைவரை கையை நுழைத்து, மேசைமேல் விரித்திருக்கும் இருக்கைப் பிளான் தாளில் ஐந்தாம் வரிசைமேல் ஆள்காட்டி விரலை ஊன்றிக்கொள்கிறாள். பிறகு விசாரணை தொடங்குகிறது.

"முன்னாடி யாரு?"

"கானிட்கர் வீட்டுக்காரங்க, வஹினி. நாலு சீட்டு," என்கிறார் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஜோகளேகர். ஊரில் பாதிப் பெண்கள் அவருக்கு வஹினிதான், அண்ணிதான்.

"கானிட்கரா? வீடே தென்னந்தோப்பாச்சே. அவங்க பின்னாடி உட்கார்ந்தா நாடகத்தைக் கேட்டுட்டு வரலாம், பாத்துட்டு வர முடியாது." விரல் இரண்டு கட்டம் நகர்கிறது. "இங்க?"

"இங்க முன்னாடி இன்னும் யாரும் எடுக்கல."

"எடுக்க வந்தா குள்ளமான ஆளா பாத்துக் குடுங்க."

ஜோகளேகர் சிரிக்காமல் தலையாட்டிவிட்டு, பேனாவால் இரண்டு கட்டங்களை அடிக்கிறார். பின்னால் நிற்பவர்கள் தொண்டையைச் செருமுகிறார்கள். புனேயில் ஒரு சங்கீத நாடகத்துக்குப் பிளான் திறக்கும் காலையில் ஷரயூவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் ஆபீசுக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிடுவது நல்லது.

முதல் மூன்று வரிசைகளைச் சும்மா கொடுத்தாலும் அவள் வாங்கமாட்டாள். கழுத்து வலிக்கும். அதோடு, ராஜாவின் மீசைக்கு அடியில் பசை தெரியும். "மீசை ஒட்டினதுன்னு எனக்கும் தெரியும். அதைத் தெரிஞ்சுக்கவா டிக்கெட் எடுத்தேன்?" என்பாள். ஏழாம் வரிசையைத் தாண்டினால் பாடுகிறவளின் கண் தெரியாது. கண் தெரியாவிட்டால் பாட்டில் பாதி போயிற்று. பால்கனிக்கு அடியில் குரல் மூடி போட்ட பாத்திரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் வரும். நடைபாதை ஓரம் கூடவே கூடாது. தாமதமாக வருகிறவன் முழங்காலை இடிப்பான், பிறகு நின்று சாவகாசமாக மன்னிப்பும் கேட்பான். ஏ.சி. காற்று தலையில் இறங்கும் இருக்கை, கதவு திறந்தால் வெளிச்சம் மூஞ்சியில் அடிக்கும் இருக்கை, சோகக் காட்சியில் மட்டும் கிறீச்சிடும் இருக்கை எல்லாம் அவளுக்கு அத்துப்படி. சில சமயம் தப்பும் செய்வாள். ஒருமுறை அவள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த "ஊர்லயே நல்ல இடத்தில்" அவள் சிநேகிதி ப்ரமிளா தத்தார் ஒரு தூணைப் பார்த்துக்கொண்டு மூன்று அங்கம் உட்கார்ந்திருந்தாள். அதற்கு ஷரயூ வருத்தம் தெரிவிக்கவில்லை. தூண் பிளானில் இல்லை என்றாள்.

இதே கண்தான் அவளுக்குச் சோறும் போடுகிறது. கோத்ரூட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேற்பார்வை வேலை. பந்தியில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பது அவள் கையில். மாப்பிள்ளையின் பெரியப்பாவை ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்து, அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத தம்பியை அடுத்த பந்திக்குத் தள்ளி, நடுவில் வாயாடிச் சித்தி ஒருத்தியை நட்டுவிட்டுத்தான் இலை போடச் சொல்வாள். "ஸ்ரீகண்ட் நல்லா இருந்துச்சுன்னு ஒருத்தரும் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க. காத்து வராத இடத்துல உக்கார வெச்சாங்கன்னு பேரப் பிள்ளை கல்யாணம் வரைக்கும் சொல்லுவாங்க."

அவள் கணவர் சதானந்தும் ஒரு காலத்தில் காதை வைத்துப் பிழைத்தவர். மாநகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் இருந்தார். தெருவில் இரும்புக் கம்பியை ஊன்றி, மறுமுனையில் காதை ஒட்டவைத்துப் பூமிக்கு அடியில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று சொல்லுவார். அவர் சொன்ன இடத்தைத் தோண்டினால் தண்ணீர் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் காலையில் எழுந்தபோது இடது காது அடியோடு நின்றுபோயிருந்தது. "அதுக்கும் அறுபது ஆச்சு, ரிட்டயர் ஆயிடுச்சு," என்றார். வலது காதும் கொஞ்சம் மங்கல். மெஷின் வைத்துக்கொள்ளச் சொன்னால், மீன் தொட்டிக்குள் தலையை விட்டதுபோல் இருக்கிறது என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார்.

அதுவரை அரங்கின் நடுவில் உட்கார்ந்துவந்த இருவருக்கும் ஷரயூ அன்றிலிருந்து இடது பக்கம் இடம் எடுத்தாள். இடது பக்கம் உட்கார்ந்தால் வலது காது மேடையைப் பார்க்கும் என்பது கணக்கு. கணக்கில் பிழை இல்லை. ஆனால் சவரம் செய்துகொண்டே நாடகப் பாட்டு முணுமுணுக்கிற மனிதர் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார். நாடகம் முடிந்து ரிக்‌ஷாவில் திரும்பும்போது எப்படி இருந்தது என்று கேட்டால், அரண்மனை நன்றாக இருந்தது, புடவை நன்றாக இருந்தது என்பார். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை வராது. பிறகு அவர்கள் வழக்கமாகப் போகும் மாலதி நாட்டிய மந்திர் அரங்கைப் பழுதுபார்க்க மூடினார்கள். அவர் நிம்மதியாக வீட்டில் இருந்துகொண்டார். அவள் ப்ரமிளாவோடு வேறு அரங்குகளுக்குப் போய்வந்தாள். போய்வந்ததை வீட்டில் சொல்ல ஆள் இருந்தது, சேர்ந்து பார்த்துவிட்டுப் பேச ஆள் இல்லை.

இந்த மழைக்காலத்தில் மாலதி மறுபடி திறந்தது. முதல் நாடகம் 'சங்கீத் வஜ்ரகங்கண்'. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் நனைந்துகொண்டே போய்ப் பார்த்தது. ஷரயூ மூன்று நாள் அவரை விடவில்லை. நான்காவது நாள் அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"வர்றேன். ஆனா இதான் கடைசி, ஷரயூ. இதுலயும் ஒண்ணும் காதுல விழலன்னா இனிமே என்னைக் கூப்பிடக் கூடாது. நீயும் ப்ரமிளாவும் போங்க. நான் வீட்டுல சாதம் வெச்சு வைக்கிறேன்."

சரி என்று ஒப்புக்கொண்டாள். வேறு வழியும் இல்லை.

புதுப்பித்த அரங்கில் இருக்கை புதிது, எண்ணும் புதிது. ஜன்னல் இன்னும் திறக்கவில்லை. டிக்கெட் எல்லாம் ஃபோனில்தான். ஷரயூ குளித்துவிட்டு வந்து, சாமி விளக்கை ஏற்றிவிட்டு, சமையலறை மேசைமேல் ஃபோனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிளான் திறந்தது. மேடையிலிருந்து வரிசைகளை எண்ணினாள், ஐந்து. பிறகு விரல் தானாகப் போய் இடத்தைத் தொட்டது. பணம் கட்டியாயிற்று. முன்னால் யார் என்று கேட்க ஜோகளேகர் இல்லையே என்பதுதான் அப்போது அவளுக்கு இருந்த ஒரே குறை.

ஞாயிறு மாலை அரங்கில் இரண்டாம் மணி அடித்துக்கொண்டிருந்தது. டார்ச் வைத்திருந்த பணியாள் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு வலது பக்கம் வெளிச்சம் காட்டினான்.

"இல்லப்பா, எங்களது அந்தப் பக்கம்."

"இந்தப் பக்கம்தான் மாவ்ஷி. நீங்களே பாருங்க."

பார்த்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். இத்தனை காலம் பிளான் தாள் ஜோகளேகரைப் பார்த்து விரிந்திருந்தது. எதிரே நின்று கையை நுழைத்த ஷரயூவுக்கு அது தலைகீழ். அவளுடைய விரலுக்கு அரங்கின் இடது பக்கம் என்றால் தாளில் தன் வலது கைப் பக்கம். ஃபோனில் பிளான் அவளைப் பார்த்து நேராக விரிந்திருந்தது. விரலுக்கு அது தெரியவில்லை.

சதானந்த் அதற்குள் போய் உட்கார்ந்து, புதிய இருக்கையை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நல்ல காதுக்கு எதிரே சுவர். பளபளவென்று வார்னிஷ் அடித்த சுவர். செத்த காது மேடையைப் பார்த்தது. ஷரயூ அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் மேடைக்குக் கீழே தபலாக்காரர். காலால் மிதித்து வாசிக்கும் பெரிய ஆர்கன் அந்தக் கோடியில். அதற்கு நேர் பின்னால், ஐந்தாம் வரிசையில், அவள் எடுத்திருக்க வேண்டிய இடத்தில், ப்ரமிளா தத்தார் தன் கணவரோடு உட்கார்ந்து கையாட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் மணி அடித்தது. திரை விலகியது. இறைவணக்கப் பாட்டு தொடங்கியது. சதானந்த் மேடையைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி ஷரயூவின் முகத்தைப் பார்த்தார். கேட்கவில்லை என்று சொல்லுகிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இடைவேளையில் மாற்றிக்கொள்ளலாம் என்று சைகை காட்டினாள். அவர் தலையாட்டினார், ஆனால் திரும்பவில்லை. ராஜா வந்தார், சபதம் செய்தார், கங்கணம் தொலைந்தது, நாயகி இரண்டு பாட்டுப் பாடினாள். ஷரயூ ஒன்றையும் கேட்கவில்லை. ப்ரமிளாவிடம் எப்படிக் கேட்பது, பதிலுக்கு எதைக் கொடுப்பது, அந்தப் பழைய தூணை அவள் இழுப்பாளா என்று ஓட்டிக்கொண்டிருந்தாள்.

இழுத்தாள். இடைவேளையில் வடை வாங்கும் கூட்டத்தில் பிடித்துக் கேட்டபோது முதல் வார்த்தையே அதுதான்.

"அங்க தூண் இருக்கா?" என்றாள் ப்ரமிளா. "நான் அந்த இடம் காலியா இருந்ததைப் பாத்து பயந்தே போயிட்டேன். ஷரயூ எடுக்கலன்னா உடம்புக்கு என்னமோன்னு. சரி, உன் ஞாபகமா இருக்கட்டும்னு எடுத்தேன்."

"ஞாபகம் வெச்சது போதும். மாத்திக் குடு."

ப்ரமிளா வடையைப் பிட்டுக்கொண்டே சரி என்றாள். ஷரயூ கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். சதானந்த் எழுந்திருக்கவே இல்லை.

"எந்திரிங்க. பேசிட்டேன். அந்தப் பக்கம் போயிடலாம்."

"எதுக்கு?"

"எதுக்கா? இந்தப் பக்கம் உங்களுக்கு ஒண்ணும் கேக்காது. தப்பு என்னுது, ஃபோன்ல..."

"ரெண்டாவது பாட்டுல அந்தப் பொண்ணு கடைசி அடியில ஒரு வார்த்தையை முழுங்கிட்டா, கவனிச்சியா?" என்றார் அவர்.

ஷரயூ கவனிக்கவில்லை. மெதுவாக உட்கார்ந்தாள்.

"அந்தப் பக்கம் வேண்டாம், ஷரயூ. அங்க அந்த ஆர்கன் நேரா என் காதுக்குள்ள மிதிக்குது. ராஜா வாயைத் திறந்தாலும் ஆர்கன், ராணி அழுதாலும் ஆர்கன். மனுஷக் குரலே வராது. இன்னிக்குத்தான் வார்த்தை வார்த்தையா வருது."

"இத்தன நாளா சொல்லலியே?"

"எப்படிச் சொல்ல? காலங்காத்தால போய் வரிசையில நின்னு, ஊரைப் பகைச்சுக்கிட்டு வாங்கிட்டு வர்ற."

"சொல்லித் தொலச்சிருக்கலாம்ல? நான் பாட்டுக்கு உங்களைக் கொண்டுபோய் அந்தப் பெட்டி முன்னாடியே உக்கார வெச்சிருக்கேன்." கோபமாகத்தான் சொல்ல நினைத்தாள். கோபம்தான் வரவில்லை. காலையிலிருந்து அவள் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. "அப்புறம் எதுக்கு என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தீங்க?"

"இந்த வலது காதை மேடைக்குக் குடுத்தா மூஞ்சி எங்க போகும்? உன் பக்கம்தான் வரும். சகிச்சுக்கோ."

ப்ரமிளா கைப்பையோடு வந்து நின்றாள். இடம் மாற வேண்டாம் என்றதும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்படியென்றால் தன் இடம் நல்ல இடமா, கெட்ட இடமா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். உனக்கு நல்ல இடம் என்றாள் ஷரயூ. ப்ரமிளா சந்தேகத்தோடு திரும்பிப் போனாள்.

விளக்கு அணைந்தது. இரண்டாம் அங்கத்தில் நாயகி மழைக்கு நடுவே கோட்டை வாசலில் நின்று பாடுகிறாள். சதானந்த் கழுத்தைத் திருப்பிக்கொண்டார். மேடை வெளிச்சம் அவர் கன்னத்தில் விழுந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் ஷரயூவின்மேல் இருந்தன, விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போட்டன. தபலாவோடு சரியாக விழுந்தன. ஷரயூ மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு பிடித்துவிட்டால் கையை உயர்த்தி 'வன்ஸ் மோர்' என்று கேட்பதும், கேட்டால் நாடகத்தை நிறுத்திவிட்டு மறுபடி பாடுவதும் அந்த ஊர் வழக்கம். பாட்டு முடிந்த பிறகு கேட்பதுதான் வழக்கம். நாயகி ஓர் அடியை இழுத்து முடித்து, அடுத்த அடிக்கு மூச்சு வாங்கிய இடைவெளியில், காது மங்கியவர்கள் பேசும் அந்தப் பெருங்குரலில், "வன்ஸ் மோர்," என்றார் சதானந்த். கை மேலே போயிருந்தது.

அரங்கம் முழுவதும் திரும்பியது. எங்கோ சிரிப்பு கிளம்பியது. முன் வரிசைத் தலைகள் தேடின. ஷரயூவின் கை பாய்ந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

நாயகி இந்தப் பக்கம் பார்த்து லேசாகத் தலை சாய்த்தாள். ஆர்கன்காரர் மிதியை நிறுத்தினார். அந்த ஓர் அடியை அவள் மறுபடி எடுத்தாள், தபலா மட்டும் துணைக்கு வர.

ஷரயூ பிடித்த கையைக் கீழே இழுக்கவில்லை. அந்த அடி முடியும்வரை, தன் கையையும் சேர்த்து, மேலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.