பழனியாண்டிப் பெரியப்பாவின் புகையில்லாத அடுப்பு

எங்கள் குடும்பக் குறிப்பேட்டில் பழனியாண்டிப் பெரியப்பாவின் தொழில் 'புகைக்கூட வேலை' என்று மட்டும் பதிவாகியிருக்கிறது. அது போதாது. பீடோங்கை அடுத்த கல்லாற்றுத் தோட்டத்தில் கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பரின் ஈர ஷீட்டுகளைத் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டிப் பக்குவம் பார்த்தவர் அவர். கூரைச் சன்னலை எந்த நேரத்தில் திறக்க வேண்டும், எந்த நேரத்தில் அடைக்க வேண்டும் என்பதை அவருடைய மூக்கே தீர்மானித்தது. அந்த மூக்கின்மேல் அவருக்கிருந்த நம்பிக்கை குலதெய்வத்தின்மேல் இருந்ததா என்பது ஐயமே.

ஜப்பானியர் காலத்தில் ரப்பர் விலைபோகவில்லை. புகைக்கூடம் பூட்டப்பட்டது, பெரியப்பா மரவள்ளி நட்டார். 1943 நவம்பர் அடைமழையில் பிச்சையம்மாள் பெரியம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவித்த உடம்பில் குளிர்காற்று பட்டால் சன்னி கண்டுவிடும் என்பது லயத்தின் வரிசை வீடுகளில் இருந்த அனைவரின் அச்சம். சன்னி கண்டால் கொடுக்க மருந்து கிடையாது. ஆகவே குழந்தை பிறந்த ஏழாம் நாள் பெரியப்பா மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி ஓர் அடுப்பு செய்தார். கித்தாமரக் கரியை நிரப்பிக் கட்டிலருகே வைத்தார். பிறகு சாக்கு, களிமண், பழைய ஷீட் எனக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் கொண்டு பலகைச் சுவரின் இடுக்குகளை அடைத்தார். எறும்புகூட வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

மறுநாள் முற்பகலில் பெரியம்மாவுக்குத் தலை வலித்தது. கட்டிலடியில் அடைகாத்த கோழி கழுத்தைச் சாய்த்தது. குழந்தை பாலுக்கு அழவில்லை.

"பாத்தியா, எவ்வளவு சமத்து!" என்றார் பெரியப்பா.

குழந்தையைக் குளிப்பாட்ட வந்த மருத்துவச்சி ராக்காயி கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு மூச்சு இழுத்தவள், தாயையும் பிள்ளையையும் வாசலுக்கு இழுத்து வந்துவிட்டாள். ஈரக்காற்று பட்டதும் குழந்தை லயமே கேட்கும்படி வீறிட்டது.

"ஏன்டா, பொண்டாட்டிய என்ன கித்தா ஷீட்டுன்னு நெனச்சியா? காயப்போட்டு வச்சிருக்க!"

"அக்கா, தெரியாம பேசாதலா. பொகை இருந்தாத்தான் அது போக வழி விடணும். இது கரி. பொட்டுப் பொகை இருக்கா, மோந்து பாரு!"

"பொகை இல்லாம ஆளைக் கொல்லுமடா கரி. ஒம் மூக்குக்கு அது தெரியாது."

மூக்கைப் பழித்ததைப் பெரியப்பாவால் பொறுக்க முடியவில்லை. தாமே உள்ளே அமர்ந்து மெய்ப்பிப்பதாகச் சூளுரைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அப்ப வாய மூடாம பேசிக்கிட்டே இருங்க," என்றார் பெரியம்மா.

பெரியப்பாவுக்கு அது தண்டனையன்று. புகைக்கூடத்து முதல்நாள் சூடு, இரண்டாம்நாள் சூடு, மூன்றாம்நாள் சூடு என்று உள்ளிருந்து விளக்கினார். சிறிது நேரத்தில் மீண்டும் முதல்நாளுக்கு வந்தார். மூன்றாம் முறை முதல்நாளிலேயே தங்கிவிட்டார். பிறகு பேச்சே இல்லை.

பிள்ளை பெற்று எட்டு நாளே ஆன பெரியம்மா குழந்தையை ராக்காயியிடம் போட்டுவிட்டு உலக்கையைத் தூக்கினார். கதவை இழுத்துத் திறந்திருக்கலாமே என்று நான் பின்னாளில் கேட்டதுண்டு. "எனக்கு ஆத்திரம் செவுத்து மேல," என்பதே விடை. இரண்டே இடியில் கூரையோரப் பலகை பெயர்ந்தது. ராக்காயி குழந்தையைப் பெரியம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கதவுவழியே பெரியப்பாவைக் காலைப் பிடித்து இழுத்துப் போட்டாள். கண் திறந்தவர் முதலில் வாந்தி எடுத்தார். பிறகு, "மூணாம் நாள் சன்னல அடைக்கணும்," என்றார்.

கோழி பிழைத்ததா என்பதில் இரு கூற்றுகள் உள்ளன. லயத்தார் அதை அன்றைக்கே குழம்பு வைத்துவிட்டபடியால் விசாரிக்க வழியில்லை.

பலகையைத் திரும்ப அறையப் பெரியப்பா சுத்தியலுடன் எழுந்தார். பெரியம்மா குழந்தையுடன் வாசலைவிட்டு அசைய மறுத்தார்.

"மேல அந்த ஓட்டை அப்படியே இருக்கட்டும். கதவுக்குக் கீழயும் நாலு விரல் வெட்டுங்க. அப்பத்தான் நானும் புள்ளையும் உள்ள வருவோம்."

"காத்து வருமேடி!"

"வரட்டும். சளி புடிச்சா கசாயம் குடிப்பேன். செத்துப்போனா எதக் குடிக்கிறது?"

பெரியப்பா சுத்தியலை வைத்துவிட்டு ரம்பத்தை எடுத்தார். நாலு விரல் என்று சொன்னதற்கு ஆறு விரலாக அறுத்தார்.