ராணியின் காதோரத்துக் கறுப்பு

என் மகளின் பள்ளி டைரியில் நேற்று ஒரு குறிப்பு. கண்காட்சிக்குப் பழைய நாணயம் ஒன்றை நன்றாகச் சுத்தம் செய்து கொண்டுவர வேண்டுமாம். ‘நன்றாக’ என்பதற்கு அடிக்கோடு வேறு. அந்தக் கோட்டைப் பார்த்ததிலிருந்து எரிச்சல். டீச்சர் மேலா, என் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். ஒரு காசுக்காகச் சண்டைக்கு வரும் அம்மா என்று பேர் வந்துவிட்டால்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் குடியிருந்தோம். அப்பா பனியன் கம்பெனியில் துணி வெட்டினார். அம்மா அங்கேயே செக்கிங். தைத்த பனியனை ட்யூப் லைட்டுக்குக் கீழே பிடித்துக் கறை தேடுவாள். மிளகளவு எண்ணெய்ப் பொட்டு இருந்தாலும் அந்தப் பீஸ் எக்ஸ்போர்ட்டுக்குப் போகாது, அடிமாட்டு விலைக்குத் தள்ளும் செகண்ட்ஸ்தான். வீட்டிலும் அம்மாவுக்கு அதே கண். இன்று மகளின் காலரை நான் மூன்று தடவை பார்ப்பது எங்கிருந்து வந்ததென்று நினைக்கிறீர்கள்?

பழைய சுவரை இடித்தபோது கிடைத்த, விக்டோரியா ராணி தலை போட்ட காலணா ஒன்று அப்பாவிடம் இருந்தது. கருப்பட்டி நிறம். ராணியின் கூந்தலை இழை இழையாக எண்ணலாம். கோயமுத்தூரில் ஒரு காசு வியாபாரி லென்ஸ் வைத்துப் பார்த்து நானூறு ரூபாய் தருவதாகச் சொன்னார். அம்மாவைக் கேட்காமல் அப்பா எதையும் கொடுப்பவரில்லை, திரும்பிவிட்டார். நானூறுக்குப் பழைய லேடீஸ் சைக்கிள் வரும். ஊர்ப் பள்ளி எட்டாவதோடு சரி; சைக்கிள் வந்தால் எனக்கு டவுன் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. வராவிட்டால் அம்மாவோடு செக்கிங் டேபிள்.

மறுவாரம் அப்பா அதை விற்கக் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் அம்மா காசைப் புரட்டிப் பார்த்தாள்.

“இத்தனை கறையோட கொண்டு போனா வெலையக் கொறைச்சுப் போடுவாங்க கண்ணு. தேச்சு வெய்யி.”

புளியும் கல்லுப்பும் வைத்துத் தேய்த்தேன். அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து இரண்டு முறை திருப்பிக் கொடுத்தாள். “காதோரம் இன்னும் கறுப்பு நிக்குது பாரு.” அடுப்புச் சாம்பலைத் தொட்டு, பனியன் வேஸ்ட் துணியால் அழுத்தித் தேய்த்தேன். சொன்ன வேலையை அரைகுறையாக விடாத பிள்ளை நான். அதுதான் கெடுத்தது. புளி வாசம் அடித்தால் இன்றும் விரல் நுனி கூசுகிறது.

“தங்கமாட்ட மின்னுது” என்றார் அப்பா. அப்படியே சைக்கிளும் பார்க்கலாமென்று என்னையும் கூட்டிப்போனார்.

வியாபாரி லென்ஸை எடுக்கவே இல்லை.

“ஏனுங்க, தேச்சுப் போட்டீங்களா?”

“அழுக்குன்னு நெனச்சமுங்க.”

“அழுக்கு இல்லீங்க. தானா ஏறுன நெறம். அதுக்குத்தான் வெல. கூந்தல் கோட்டையும் வழிச்செடுத்துட்டீங்க. இப்பப் பத்து ரூபா போகும்.”

“போன வாரம் நீங்க பாத்த அதே காசுதானுங்க.”

“அதனாலதானுங்க வயிறு எரியுது.”

திரும்பும் பஸ்ஸில் அவிநாசியைத் தாண்டினோம். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “செகண்ட்ஸ் ஆயிருச்சு கண்ணு” என்றார்.

அம்மாவுக்குக் கடைசிவரை அது விளங்கவில்லை. “கறையை எடுத்தா வெல கொறையுமா? இது எந்த ஊரு நாயம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த வாரத்திலிருந்து ஞாயிறும் வேலைக்குப் போனாள், ஒரு வருடம் முழுக்க. சைக்கிள் வந்தது, படித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அதை எடுக்க மனம் வராது. தேய்க்கும்முன் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரை என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. வியாபாரியின் கடையில் செல்போன் கவர் விற்கிறார்கள். அம்மாவும் போய்விட்டாள். காசு மட்டும் என் பீரோவில் கிடந்து, தானாகவே மறுபடி கறுத்துவிட்டது.

இன்று காலை அதைத் தேய்க்காமலே மகளிடம் கொடுத்தேன்.

“டீச்சர் திட்டுவாங்கம்மா.”

“திட்டட்டும்.” சொன்னவுடனே, சொல்லியிருக்கக் கூடாதோ என்றிருந்தது.

அவள் காசை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, என் அம்மா பார்த்ததுபோலவே உற்றுப் பார்த்தாள்.

“இந்த ராணிக்கு ஏம்மா முடியே இல்ல?”