பத்துப் புளியங்கொட்டை

நிர்மலாவுக்கு வாய் நீளம் என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். கச்சிராயபாளையத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து, வெள்ளிமலையில் இறங்கி, அங்கிருந்து ஊர் ஊராக நடக்கிற நர்சம்மா. பதினெட்டு வருஷத்தில் முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். சொன்னதைக் கேட்கிற ஜனம் மலையிலும் இல்லை, கீழேயும் இல்லை என்பது அவள் முடிவு. மாத்திரை போடாதவளுக்கு ஒரு பாட்டு, போட்டேன் என்று புளுகியவளுக்கு இரண்டு பாட்டு.

இந்தத் தடவை அவள் உயிரை வாங்கியவள் சந்தியா. எட்டாவது மாதம் முடியப் போகிறது, வயிறோ ஆறு மாதத்து வயிறு. ஸ்கேனில் பிள்ளை வளர்ச்சி கம்மி என்று வந்தது. கள்ளக்குறிச்சிக்கு வந்து அட்மிட் ஆகச் சொன்னார் டாக்டர். சாமை அறுப்பு முடியட்டும் என்று விட்டது வீடு. மாமியார் லட்சுமியம்மாளுக்குச் சந்தோஷம் வேறு. சின்னப் பிள்ளை என்றால் சுளுவாகப் பிறந்துவிடுமாம். நிர்மலா தலையில் அடித்துக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் பத்துப் புளியங்கொட்டையும் இரண்டு கிண்ணமும் வைத்துப் பாடம் எடுத்தாள். தினம் காலையில் சாப்பிட்டதும் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். பிள்ளை ஒரு தரம் அசைந்தால் ஒரு கொட்டை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு. இரண்டு மணி நேரத்தில் பத்தும் மாறாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வந்துவிட வேண்டும். உள்ளே சத்துப் பற்றாத பிள்ளை முதலில் ஆட்டத்தைக் குறைக்கும், அதற்குப் பிறகு உயிருக்கே மோசம் என்று தொண்டை வறளச் சொன்னாள்.

மூன்றாம் நாள் சந்தியா ஆறு என்றாள். வாசல் பெருக்கிக்கொண்டே எண்ணியிருக்கிறாள். நிர்மலா பிடித்த பிடியில் தெருவே கூடிவிட்டது. படுத்து எண்ணினால் பத்து வந்தது. அப்புறம் கேட்டபோதெல்லாம் பத்துதான்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் போனால் வீட்டில் மாமியார் மட்டும். மருமகள் விடிந்ததிலிருந்து அறுப்பில் இருக்கிறாளாம். கிண்ணத்தில் பத்துக் கொட்டையும் மாறிக் கிடக்கிறது.

"அவ காட்ல இருக்கா. புள்ள மட்டும் வூட்ல படுத்துக்கினு ஆடுச்சா?"

லட்சுமியம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். நாலு நாளாகத் தான்தான் மாற்றி வைப்பதாக மெல்ல ஒப்புக்கொண்டாள்.

நிர்மலா காட்டுக்கு ஓடினாள். சந்தியா அரிவாளும் கையுமாக வரப்பில் உட்கார்ந்திருந்தாள். நேற்று மூன்று தரம் அசைந்ததாம். இன்று ஒன்றுமே தெரியவில்லையாம்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"கம்மின்னா திட்டுவீங்கன்னு பயங்க. அத்தைகிட்ட மட்டும் சொன்னேன். அவங்க பத்தாக்கி வெச்சிட்டாங்க."

சாமை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஜீப்பை நிறுத்தி, மூட்டைகளை இறக்கச் சொல்லி, நிர்மலா மருமகளை ஏற்றினாள், வழியில் வீட்டு வாசலில் மாமியாரையும். மலைப்பாதை முடியும்வரை சந்தியாவின் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. நிர்மலாவுக்கு அழுகை வந்தது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஆபரேஷன். பெண் பிள்ளை, ஒரு கிலோ நானூறு. பிறந்ததும் அழவில்லை. முகத்தில் மூடி வைத்துக் காற்றுக் கொடுத்த பிறகுதான் அழுதது. நாளைக்கு வந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர்.

பிள்ளையைச் சூட்டுப் பெட்டியில் வைத்திருந்த அறை வாசலில் லட்சுமியம்மாள் நிர்மலாவின் கையைப் பிடித்தாள். "திட்டணும்னா இப்ப திட்டிடுங்க நர்சம்மா."

நிர்மலா அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.

அடுத்த வாரம் வேறொரு ஊர். ஒன்பது மாதக்காரி கலையரசிக்கும் வளர்ச்சி கம்மிதான், அவளுக்கும் பத்துக் கொட்டையும் இரண்டு கிண்ணமும் கொடுத்திருந்தது. நர்சம்மா தலையைக் கண்டதுமே, கேட்பதற்கு முன்னால் பத்து என்றாள். நிர்மலா தரையில் உட்கார்ந்து கொட்டைகளைத் திரும்ப முதல் கிண்ணத்தில் கொட்டினாள்.

"நெசமா எவ்ளோ? கம்மின்னா திட்ட மாட்டேன்."

கலையரசி அவள் முகத்தையே பார்த்தாள்.

"நாலுதாங்க."

நிர்மலா ஒரு வார்த்தை பேசாமல் ஜீப்புக்குப் போன் போட்டாள்.