முதல் வாரலுக்கு வந்த விருந்தாளி

அந்தக் கோடையில் எங்கள் அலுவலகத்தில் போன் அடித்தால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மரக்காணம் பக்கத்து ஊர்களுக்கான வளர்ச்சி முகமை அது. அரசு உதவியில் ஓடியது. உதவி அடுத்த ஆண்டும் நீளுமா என்பது, சென்னையிலிருந்து வரும் ஓர் அதிகாரி எங்கள் வேலையைப் பார்த்துவிட்டு என்ன சொல்கிறார் என்பதில் இருந்தது. "நீளலன்னா பூட்டுதான்" என்று இயக்குநர் சிரித்துக்கொண்டே சொன்னார். கூடச் சிரிக்க யாருக்கும் வாய் வரவில்லை.

நான் சமூகப்பணி படித்து முடித்த சூட்டோடு வந்து சேர்ந்தவன். ஒரு இடத்தில் உட்கார மாட்டேன். கூலிக்கு உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்களை ஒரு குழுவாகச் சேர்த்து, கேட்பாரற்றுக் கிடந்த சில பாத்திகளை உப்பளம் வைத்திருந்த ஓர் அளத்துக்காரரிடம் குத்தகைக்குப் பேசிக் கொடுத்தோம். முகமை காட்டிக்கொள்ளக்கூடிய பெரிய வேலை அதுதான். அளத்துக்காரர் ஒரே நிபந்தனை போட்டார்: இந்தப் பருவத்தில் அவர் பங்கு உப்பு கரையேற வேண்டும், இல்லையென்றால் பாத்திகள் திரும்ப அவருக்கே.

பெண்கள் சேற்றை மிதித்து மிதித்துத் தரையை இறுக்கினார்கள். உவர்நீர் விட்டார்கள். ஒருநாள் காலையில் பாத்தி முழுக்க உப்பு பூத்துக் கிடந்தது. நான் வரப்பிலேயே குதித்தேன். "தம்பி, வரப்பு ஒடையப் போவுது" என்றாள் குழுவின் தலைவி அக்கா.

மறுநாளே வாரியிருக்கலாம். ஆனால் புதிதாகக் கட்டிய பாத்தியில் முதல் வாரலை ராசியான கை ஒன்று தொடங்கிவைக்க வேண்டும், அதுவரை யாரும் உப்பு வாரும் பலகையை வைக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். வரப்போகிற அதிகாரி ஒரு பெண் என்று தெரிந்ததும் தலைவி அக்கா முடிவு செய்துவிட்டாள்.

"மேடமே வந்து இழுக்கட்டும் தம்பி. கவர்மெண்டு கை. அதவிட இன்னா ராசி வேணும்?"

அவளுடைய நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்காது. "கவர்மெண்டு கைக்கு வாங்கித்தான அண்ணி பழக்கம்? வாரத் தெரியுமா?"

வரப்பு முழுக்கச் சிரிப்பு. இயக்குநருக்கும் ஏற்பாடு பிடித்துப்போயிற்று. குவித்துக் கீற்று போட்டு மூடிய உப்பைவிட, வெள்ளையாய் விரிந்து கிடக்கும் பாத்திதான் படத்தில் எடுப்பாக இருக்கும் என்றார்.

திங்கள் வருவதாக இருந்த மேடம் வியாழன் என்றார்கள். வியாழன் போய் அடுத்த வாரம் ஆனது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் வாரி, அம்பாரம் குவித்து, மூடிவிட்டார்கள். எங்கள் பாத்திகள் மட்டும் வெயிலில் கண் கூசக் கிடந்தன. உப்பு தடித்துக் கெட்டிப்பட்டது. சாயங்காலம் தோறும் அளத்துக்காரரின் ஆள் டிவிஎஸ்ஸில் வந்து, இன்ஜின் ஓடஓட வரப்போரம் நிற்பார். உப்பைப் பார்க்க மாட்டார், மேற்கே வானத்தைப் பார்ப்பார்.

"இன்னும் வாரலயா?"

"மேடம் வரணுங்க" என்பேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். ஒருநாள் வந்தவர் எதுவுமே கேட்காமல் திரும்பிப் போனார். அன்றைக்குத்தான் நானும் மேற்கே பார்த்தேன்.

கடைசியில் மேடம் கிளம்பிய நாளில், மதியம் தவறாமல் வரும் கடற்காற்று வரவில்லை. கீற்றின் நுனிகூட ஆடவில்லை. சட்டை முதுகில் ஒட்டியது. மேற்கே கழுவேலி ஏரிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இயக்குநர் போனில், "திண்டிவனம் தாண்டிட்டாங்கப்பா!" என்றார், குரலில் அத்தனை சந்தோஷம்.

"அக்கா, வாரிடலாம்" என்றேன்.

"இத்தினி நாள் காத்துட்டு, வர்ற நேரத்துல கை வெக்கிறதா? விருந்தாளிய வாசல்ல நிக்க வெச்சிட்டு நாம சோறு துண்ற மாதிரி இருக்கும் தம்பி."

"மழைக்கு விருந்தாளின்னுலாம் தெரியாது அண்ணி" என்றாள் நாத்தனார். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. கூடைகளோடு வரிசையாக நின்று, ஒருமுறை சாலையையும் ஒருமுறை மேகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆளாளுக்குப் பலகையைக் கையில் பிடித்திருந்தும் ஒருத்தியும் பாத்தியில் இறங்கவில்லை.

காரும் முதல் தூறலும் ஒன்றாக வந்தன. மேடம் நல்ல மாதிரி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பாத்தியில் கால் வைத்தார். பூசைக்கு வைத்த கற்பூரம் பற்றவில்லை, திடீரென்று எழுந்த காற்று அணைத்து அணைத்துப் போட்டது. அவர் பலகையை ஒருமுறை இழுத்தார். படம் எடுத்தோம். பெண்கள் கை தட்டினார்கள்.

"என்னைப் பாக்காதீங்க, சீக்கிரம் வாருங்க" என்று மேடமே சொன்னார். எல்லோரும் பாய்ந்து இறங்கினோம். அதற்குள் கொட்டிவிட்டது. வாரிக் கூடையில் போட்ட உப்பு கூடைக் கண்வழியே தண்ணீராக ஒழுகியது. வெள்ளை போய்ச் சாம்பலாகி, சாம்பல் போய்ச் சேறாயிற்று. தலைவி அக்கா நிறுத்தவில்லை. வெறும் சேற்றையே வாரிக்கொண்டிருந்தாள். "போதும் அண்ணி, வா அண்ணி" என்று நாத்தனார் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். கரையில் அளத்துக்காரரின் ஆள் நனைந்தபடி நின்றிருந்தார். அவர் டிவிஎஸ்ஸை அணைத்துவிட்டு நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உதவி நீண்டது. இயக்குநர் லட்டு வாங்கிவந்தார். மேடம் பலகை இழுக்கும் படம் அலுவலக வாசலிலேயே மாட்டியிருக்கிறது, பின்னால் பாத்தி பளிச்சென்று வெள்ளை. மேகம் இருந்த பக்கத்தை வெட்டிவிட்டார்கள். அந்தப் பாத்திகள் பழையபடி அளத்துக்காரரிடம் போய்விட்டன. தலைவி அக்கா அதே பாத்திகளில் இப்போது கூலிக்கு வாருகிறாள். அந்த வழியாக நான் போனால் நிமிர்ந்து பார்ப்பாள்.

"ஆபீஸ் இருக்குதா தம்பி?"

"இருக்குதுக்கா."

"இருக்கட்டும்" என்று குனிந்துகொள்வாள்.

இந்த ஆண்டு அனுமந்தைப் பக்கம் இன்னொரு குழு, வேறு பாத்திகள். உப்பு பூத்துவிட்டது. மேடம் மறுபடி வருகிறாராம், தேதி இன்னும் சொல்லவில்லை. "அதே மாதிரி வெச்சிடலாம்பா, போட்டோ நல்லா வருது" என்றார் இயக்குநர் இன்று காலையில். "இன்னிக்கே வாரச் சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். வந்து பார்த்தால், பெண்கள் பலகைகளுக்கு மஞ்சள் தடவி, வரப்போரம் சாய்த்துவைத்துக் காத்திருக்கிறார்கள். மேடம் வராமல் யாரும் தொட மாட்டோம் என்கிறார்கள். மதியம் தாண்டிவிட்டது. கடற்காற்று இன்னும் வரவில்லை.