கீறல் விழாத கம்பி

“நடக்கப் பழகுறதுக்கு வாங்குன கம்பியப் பிடிச்சு நடக்கக் கூடாதுன்னா, அப்புறம் அத எதுக்கு வாங்குனாங்க?”

மணிமேகலை என்னிடம் இப்படித்தான் கேட்டார். பக்கத்து வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆள் என்று நம்பிக் கேட்டிருப்பார். பாடப் புத்தகத்தில் இப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை.

வத்தலக்குண்டு பக்கம் ஒரு பேரூராட்சி. மணிமேகலை அங்கே மல்லிகைத் தோட்டங்களில் பூ எடுக்கிறவர். அவருடைய மகள் பவித்ராவுக்கு எட்டு வயது. பிறந்தபோது மூச்சுத் திணறியதில் இரண்டு கால்களும் விறைத்துப் போய்விட்டன. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போகும் அம்மாவிடமே, “மெதுவாப் போம்மா, குலுங்குது” என்று அதட்டுவாள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்படிப்பட்ட பிள்ளையின் பெற்றோர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் மணிமேகலை உறுப்பினர் ஆனார். கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கும்போது அவரும் தூக்க வேண்டும், வேலை அவ்வளவுதான்.

அந்தப் பள்ளிக்குப் பயிற்சி அறை ஒன்று வந்தது. இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடை பழக வார்னிஷ் போட்ட நீள மரக் கைப்பிடிகள் (ஊரில் அதற்குக் கம்பி என்றே பேர்), பெரிய பந்து, மெத்தை விரிப்பு எல்லாம் வந்து இறங்கின. வாரம் ஒருநாள் ஜெரின் என்கிற பிசியோதெரபிஸ்ட் வந்து பயிற்சி கொடுப்பார். மற்ற நாட்களில் பிள்ளைகள் தாங்களே பழக வேண்டும். இதையெல்லாம் கண்காணிக்கும் பொறுப்பு வார்டு கவுன்சிலர் சொர்ணலட்சுமிக்கு. தேர்தலில் நின்றது அவர்; கூட்டத்தில் உட்காருவது அவருடைய கணவர் பொன்னுச்சாமி. உரக்கடை வைத்திருப்பவர். எங்கள் பக்கம் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

பொன்னுச்சாமி கண்காணிக்க வந்த முதல் நாளே விரிப்பில் கால் தடத்தைப் பார்த்துவிட்டார்.

“அம்புட்டும் அரசாங்கப் பொருளு. இப்பவே இந்தக் கதின்னா ஆய்வுக்கு வாரப்ப என்னத்தக் காட்டுறது? பூட்டி வைப்போம். ஆபீசர் வந்து பாத்துட்டுப் போகட்டும், பெறகு தொறப்போம்.”

எல்லோரும் கை தூக்கினார்கள். மணிமேகலையும் தூக்கினார். அவருக்கு அது நியாயமாகவே பட்டது. பவித்ராவுக்கு முகாமில் கொடுத்த, காலை நேராகப் பிடித்து நிறுத்தும் காலிபர் ஷூவை அவரும் பாலித்தீன் உறை பிரிக்காமல் பீரோவில்தான் வைத்திருந்தார், மாரியம்மன் திருவிழாவுக்குப் போட்டுவிடலாம் என்று.

சாவி உரக்கடைக்குப் போனது. ஜெரின் வேப்பமரத்தடியில் சாக்கு விரித்துப் பயிற்சி கொடுத்தார். மாதக்கணக்கில் ஆய்வுக்கு யாரும் வரவில்லை. ஒருநாள் ஜெரின் பவித்ராவின் முட்டியை நீட்டிப் பார்த்தார். அது முழுதாக நீளவில்லை.

“அக்கா, மடங்குனபடியே இறுகிட்டு வருது. தினமும் கம்பியப் பிடிச்சு நிக்கணும். இல்லன்னா ஆபரேஷன்ல கொண்டுபோய் விடும். அந்தக் காலிபரை எங்க வச்சிருக்கீங்க?”

மணிமேகலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அன்றைக்கே உறையைப் பிரித்து மாட்டிவிட்டார். ஷூ அளவு கொஞ்சம் சிறுத்திருந்தது. அங்கிருந்து நேராக உரக்கடைக்குப் போனார்.

“அண்ணே, சாவியக் குடுங்கண்ணே. பிள்ளை காலு இறுகிப் போகுது.”

“நீயும் கை தூக்குனவதான, தங்கச்சி? கொஞ்ச நாள் பொறு. உம்மக நல்லதுக்குத்தான் பத்திரமா வச்சிருக்கேன்.”

மணிமேகலை என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது அன்றைக்குத்தான்.

கடைசியில் மாவட்டத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். பொன்னுச்சாமி அறைக்கு மாலைத் தோரணம் கட்டி, அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்தி, கதவைத் திறந்து காட்டினார்.

“பாருங்க மேடம், ஒரு கீறல் கெடையாது. வந்தது வந்தபடி இருக்கு.”

அதிகாரி கம்பியை விரலால் தடவிப் பார்த்தார். “அப்போ இங்க யாரும் பயன்படுத்துறதில்ல. சித்தையன்கோட்டைல கேட்டுக்கிட்டு இருக்காங்க, அங்க மாத்திடலாம். அடுத்த மாசம் வந்து பாத்துட்டு முடிவு பண்றேன்” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பொன்னுச்சாமிக்கு அன்று சோறு இறங்கவில்லை. பிள்ளைகளை நினைத்து அல்ல. “நம்ம பொருளச் சித்தையன்கோட்டைக்காரன் தூக்கிட்டுப் போறதா?” என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் புலம்பினார்.

மறுநாள் காலை பள்ளிக்குப் போன மணிமேகலை, அறை திறந்திருப்பதைக் கண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். பொன்னுச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்க்க வியர்க்க உப்புத்தாளால் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே இது?”

“பழசாக்குறேன் தங்கச்சி. வார்னிஷ் போகவே மாட்டேங்குது.”

மணிமேகலை சிரிப்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். “உங்களுக்கு எதுக்குண்ணே இந்தச் சிரமம்? சாவிய எங்கிட்டக் குடுங்க. பிள்ளைகள விட்டா தன்னால தேஞ்சிரும்.”

அவர் உப்புத்தாளைக் கீழே வைத்து யோசித்தார். “நல்லாத் தேயுமா?”

“எம்மக பிடிச்சான்னா உடும்புப் பிடிண்ணே.”

சாவி கைமாறியது. பவித்ராவும் இன்னும் சில பிள்ளைகளும் தினமும் வந்தார்கள். பொன்னுச்சாமி கடையைப் போட்டுவிட்டு மேற்பார்வைக்கு வந்துவிடுவார்.

“ஏலே அப்பு, அந்த ஓரத்துல ஆரும் கை வைக்கலடா! ஆத்தா பவித்ரா, இன்னொரு தரம் நட. இந்தப் பக்கம் அப்பிடியே புதுசா இருக்கு.”

“மாமா, எனக்குக் கை வலிக்குது. நீங்க வேணா நடங்க” என்பாள் பவித்ரா. ஆனாலும் நடப்பாள். முதலில் நின்றாள். பிறகு அம்மா இடுப்பைப் பிடித்துக்கொள்ள நடந்தாள். ஒரு வியாழக்கிழமை ஜெரின் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரும் பிடிக்காமல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய், “திரும்புறது எப்படி?” என்று கேட்டாள்.

அதிகாரி மறுபடி வந்தபோது பொன்னுச்சாமி ஒவ்வொரு கீறலாகத் தொட்டுக் காட்டினார். “இது எங்க பவித்ரா பாப்பா போட்டது மேடம். விரிப்பப் பாருங்க, எம்புட்டு அழுக்கு!” அதிகாரி திருப்தி என்று எழுதிவிட்டுப் போனார். கண்காணிப்புக்காகக் கவுன்சிலரைப் பாராட்டி ஒரு வரியும் எழுதினாராம்.

ஜீப் தெரு திரும்பியதும் பொன்னுச்சாமி கையை நீட்டினார். “சாவியக் குடு தங்கச்சி. ஆய்வுதான் முடிஞ்சிருச்சே. இனிமே பத்திரமா வைப்போம்.”

மணிமேகலை சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். “ஐயோ, உங்களுக்குத் தெரியாதாண்ணே? அந்த மேடம் இனிமே சொல்லாமக் கொள்ளாம எப்ப வேணாலும் வருவாங்களாம். கீறல் புதுசா இருக்கான்னு பாப்பாங்களாம்.”

பொன்னுச்சாமி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

அறை இன்றும் தினமும் திறந்திருக்கிறது. பவித்ராவுக்கு ஆபரேஷன் பேச்சு இப்போது இல்லை. அளவான ஷூவுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். அந்த அதிகாரி அப்படி எதுவும் சொல்லவில்லை என்பது மணிமேகலைக்கும் எனக்கும் மட்டும் தெரியும், இப்போது உங்களுக்கும். பூட்டிய அறைக்கு வெளியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அம்மா உங்கள் ஊரிலும் இருப்பார். அவரிடம் இதைச் சொல்லுங்கள். அவரை மற்றவர்களிடமும் சொல்லச் சொல்லுங்கள். பொன்னுச்சாமியிடம் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.