லண்டன் லைற்றும் என்ர வேலையும்

கார் லைற் பூட்டிக் குடுத்தவனுக்கு நன்றி சொன்ன மனிசரை நான் இன்னும் காணேல்லை. ஏச வாற ஆக்களுக்கு மட்டும் குறைவில்லை. ஸ்பானர் பிடிச்சுச் சீவிச்ச ஆரேன் இதை வாசிச்சா, என்ர விசர் உங்களுக்கு விளங்கும்.

எண்பத்தஞ்சில டென்மார்க்கில, ஹேர்னிங் எண்ட ஊரில ஒரு கராஜில வேலை. முதலாளியை அங்கை மெஸ்டர் எண்டுதான் கூப்பிடுறது. மாரியில பின்னேரம் நாலு மணிக்கே இருட்டீடும். எங்கட சனம் வாங்கிற பழங்கார்களின்ர லைற், குப்பி விளக்கு மாதிரி. எல்லாரும் என்னட்டைத்தான் வருவினம். மெஸ்டர் முதல் நாளே சொல்லிப்போட்டார்: நான் பூட்டின லைற்றாலை ஒரு கார் அரசாங்கச் சோதனையில தவறினாலும் என்னை நிப்பாட்டிப்போடுவாராம். அந்த வேலையை நம்பித்தான் நான் ஊரில இருக்கிற மனுசிக்கு "வெளிக்கிட்டு வா" எண்டு கடிதம் போட்டிருந்தன்.

சந்தனம்

நெசவு ஃபக்டரியில வேலை செய்த சிவம் அண்ணை, கார் வாங்கி மூண்டு கிழமையில வந்து நிண்டார். றோட்டே தெரியேல்லையாம், பெரிய பல்ப் போடட்டாம். குனிஞ்சு பாத்தன். காருக்குப் பூசை செய்த அண்டைக்கு அப்பின சந்தனமும் குங்குமமும் ரண்டு லைற்றிலயும் காய்ஞ்சு கட்டியாக் கிடக்கு.

சுடுதண்ணி ஊத்தி உரஞ்சித் துடைச்சன். லைற் பளிச்செண்டு எரிஞ்சுது. மனிசன் சந்தோசப்படும் எண்டு பாத்தா, என்னில பாயிறார்.

"பொட்டை அழிச்சுப்போட்டாய், இனி எங்கையேன் அடிபட்டா நீதான் பொறுப்பு!"

நூறு வாட்ஸ்

மன்னார் அந்தோனிக்கு நூறு வாட்ஸ் பல்ப்தான் வேணும். "வயர் மெல்லிசு, முதல்ல தடிச்ச வயர் இழுக்கவேணும்" எண்டு தொண்டைத்தண்ணி வத்தக் கத்தினன். எனக்கு வேலை தெரியாது எண்டு சொல்லிப்போட்டு, தானே பல்பைப் பூட்டிக்கொண்டு போனான்.

நாலாம் நாள் கார் வரமுன்னமே பிளாஸ்ரிக் எரிஞ்ச மணம் வந்துது. சுவிச் உருகி ஒட்டிப்போச்சு. கோதாரி, நல்லகாலம் கார் எரியேல்லை. அவன் சிரிச்சுக்கொண்டு இறங்கிறான்.

"லைற் நல்ல வெளிச்சம் அண்ணை, நிப்பாட்டத்தான் ஏலாமக் கிடக்கு."

வணக்கம்

இதில பிழை என்ர. ஒளிக்கேல்லை.

தவராசாவுக்கு லண்டனிலிருந்து தமையன் ரண்டு புது ஹெட்லைற் அனுப்பியிருந்தார். "பூட்டித் தா அண்ணை" எண்டு கெஞ்சினான். பூட்டினன். டிம்மில போட்டுச் சுவரில அடிச்சுப் பாத்தன். வெளிச்சம் இடப்பக்கம் கொஞ்சம் ஏறி நிண்டுது. யாழ்ப்பாணத்தில பாத்த மாதிரியே இருந்ததால சரியெண்டு விட்டிட்டன்.

லண்டனிலயும் ஊரிலயும் கார் இடப்பக்கம் ஓடும். அந்த வெளிச்சம் றோட்டுக்கரையைக் காட்டும். இங்கை ஓடுறது வலப்பக்கம். அது நேரா எதிர வாறவன்ர கண்ணுக்குள்ள குத்தும். பத்து வருசம் கார் திருத்தின எனக்கு அது மண்டையில ஓடேல்லை! அடுத்த கிழமை தவராசா வந்தான், முகமெல்லாம் சிரிப்பு.

"முன்னால வாற டெனிஷ்காரர் எல்லாம் லைற் அடிச்சு வணக்கம் சொல்லுறாங்கள் அண்ணை, நல்ல சனம்!"

அப்பதான் எனக்கு என்ர பிழை விளங்கிச்சுது. உடனை கழட்டுவம் எண்டன். மாட்டனெண்டு போட்டான், அறுவான்.

மெஸ்டர்

ரண்டு நாளில கார் சோதனையில தவறிச்சுது. தவராசா கடதாசியோட நேரா கராஜுக்குள்ள வந்து, எல்லாருக்கும் முன்னால என்னை விரலால காட்டினான்: "இவர்தான் பூட்டினவர்." எனக்குப் பத்தி எரிஞ்சுது. கெஞ்சினவன் இவன், கழட்ட விடாதவனும் இவன்! மனுசிக்கு என்னெண்டு எழுதுறது?

மெஸ்டர் காரைச் சுவருக்கு நேர விட்டு, லைற்றைப் போட்டு, பிழையைக் காட்டினார். தவராசா விடேல்லை. தனக்குத் தெரிஞ்ச அரைகுறை டெனிஷில அரை மணித்தியாலம் சண்டை. லைற் சரியாம், இந்த நாட்டுக்காரர்தான் பிழையான பக்கத்தில ஓடுகினமாம். அதுக்குள்ள சிவம் அண்ணையும் வந்து, சந்தனத்தைப் பற்றி முறைப்பாடு சொல்லத் தொடங்கினார்.

மெஸ்டர் ரண்டு பேரையும் பாத்தார். பிறகு என்னைத் தனியக் கூப்பிட்டார். குரல் நல்லாக் களைச்சிருந்துது.

"உன்னை அனுப்பினா இவங்கள் என்னட்டையெல்லோ வருவாங்கள், நீயே நில்."

இப்பிடித்தான் என்ர வேலை தப்பினது, என்ர கெட்டித்தனத்தாலை இல்லை, எங்கட சனத்தின்ர வாயாலை.